ஆறு டன் விறகில் 900 கிலோ எங்கே போனது?

கேள்வி: தேவிபட்டினம் பக்கம் சொந்தமாக 60 சென்ட் இடத்தில் விறகு வாடி ஆரம்பித்திருக்கிறேன். தை முதல் வாரம், கண்மாய் ஏலம் எடுத்தவரிடம் பச்சையாக வெட்டிய கருவை 6 டன், கிலோ 4 ரூபாய்க்கு வாங்கினேன். நாலடிக் கட்டையாகக் குவித்து, தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடி வைத்தேன். ஐந்து வாரம் கழித்து, கிலோ 5.50 என்று விலை பேசி எடை போட்டால் 5.1 டன்தான் இருக்கிறது. ராத்திரி யாரோ எடுத்துப் போகிறார்களோ என்று சந்தேகம். இதற்கு நடுவில், புகைகிறது என்று பேக்கரிக்காரர் பாதி விறகைத் திருப்பி அனுப்பிவிட்டார். சவுக்கு என்று வாங்கிய சின்ன லோடிலும் வேறு மரம் கலந்திருக்கிறது. இனி மரத்தை எப்படிப் பார்த்து வாங்குவது? பழைய வள்ளங்களைப் பிரித்த பலகை மலிவாக வருகிறது, வாங்கலாமா? ஹைட்ராலிக் விறகு பிளக்கும் மெஷின் போடலாம் என்று இருக்கிறேன், சரியா?

பதில்: யாரும் திருடவில்லை. காவலுக்கு ஆள் போடும் எண்ணம் இருந்தால் முதலில் விட்டுவிடுங்கள். காணாமல் போனது மரத்திலிருந்த தண்ணீர். இன்னும் 600 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டியிருக்கிறது. பேக்கரியில் புகைந்தது அதுதான்.

கணக்கைப் பாருங்கள். பச்சைக் கருவையின் எடையில் 40 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 6,000 கிலோவில் தண்ணீர் 2,400, மரம் 3,600. மரம் அப்படியேதான் இருக்கும், குறைவதெல்லாம் தண்ணீர். இன்று 5,100 கிலோ என்றால் அதில் 1,500 கிலோ தண்ணீர், அதாவது 29 சதவீதம். அடுப்பில் புகையாமல் எரிய 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். அந்த நிலையில் உங்கள் 6 டன், 4.5 டன்னாக நிற்கும்.

24,000 ரூபாயை 4,500 கிலோவால் வகுத்தால் கிலோ 5.33. நீங்கள் ஒன்றரை ரூபாய் லாபம் என்று நினைத்த இடத்தில் மிச்சம் 17 பைசா. பட்டை உதிர்வது, ரம்பத்தூள், சிராய் என்று 4 சதவீதம் போனால் 4,320 கிலோதான் தேறும். கிலோ அடக்கம் 5.56. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை போடுவதற்கு முன்பே நஷ்டம். பேக்கரிக்காரர் திருப்பி அனுப்பாமல் இருந்திருந்தால் இந்த நஷ்டம் உங்கள் கண்ணுக்கே தெரிந்திருக்காது. ஈரத்தோடு விற்கிறவர் தப்பித்துக்கொள்வார், காயவைத்து விற்கிறவர் மாட்டிக்கொள்வார் என்பதுதான் இந்தத் தொழிலின் சங்கடம். அதனால் வாங்கும்போதே 'காய்ந்தால் எத்தனை கிலோ' என்று பார்த்து விலை பேச வேண்டும். 40 சதவீத ஈரமுள்ள சரக்குக்கு, கேட்கும் விலையை 0.75ஆல் வகுங்கள். அதுதான் உங்களுக்கு விழும் உண்மையான விலை.

ஈரம் ஏன் இவ்வளவு கெடுக்கிறது என்றால், ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 600 கிலோகலோரி போய்விடும். அதைவிடப் பெரிய கேடு, அடுப்பின் சூடு தணிந்துவிடுவது. மரத்திலிருந்து கிளம்பும் வாயு எரிவதற்குப் போதிய சூடில்லாமல் புகையாக வெளியேறி, புகைபோக்கியில் தார் போலக் கரிப்பிசினாகப் படியும். பேக்கரி அடுப்பில் ரொட்டியின் அடி வெந்து மேல் சிவக்காமல் போவது இதனால்தான்.

ஈரத்தை அளக்க இரண்டு ஊசி உள்ள மாய்ஸ்சர் மீட்டர் ஒன்று வாங்குங்கள். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, மரத்துக்கான மீட்டர்கள் பொதுவாகக் காட்டுவது காய்ந்த மரத்தின் எடைக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்பதை. நாம் மேலே போட்டது மொத்த எடையில் எத்தனை பங்கு என்ற கணக்கு. மீட்டரில் 25 என்றால் நம் கணக்கில் 20. மீட்டரில் 25க்குக் கீழே வந்தால் விற்கலாம். இரண்டு, 30க்கு மேல் அது காட்டும் எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டாம், 'பச்சை' என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியைக் கட்டையின் நுனியிலோ பட்டையிலோ குத்தாதீர்கள். நுனி இரண்டு நாளில் காய்ந்துவிடும். கட்டையை நடுவில் பிளந்து, அந்தப் புது முகத்தில் நார் ஓடும் திசையிலேயே இரண்டு ஊசியும் இருக்கும்படி குத்த வேண்டும். லோடின் மேலே, நடுவே, அடியில் என்று ஐந்து கட்டையாவது பாருங்கள். மேலே காய்ந்ததை அடுக்கி அடியில் பச்சையை வைப்பது பழைய வித்தை.

மீட்டர் சொல்வதைச் சரிபார்க்க வேண்டுமானால் கட்டையின் நடுப்பகுதியிலிருந்து வட்டமாக ஒரு வில்லை அறுத்து, உடனே எடை போட்டு, 100 முதல் 105 டிகிரிச் சூட்டில் மின்சார ஓவனில் ஒரு நாள் வைத்து எடை போடுங்கள். எடை இறங்குவது நிற்கும்வரை வையுங்கள். 500 கிராம் வில்லை 310 கிராமில் நின்றால், போனது 190. ஈரம் 38 சதவீதம். நுனியில் வெடிப்பு விட்டிருக்கிறது, இரண்டைத் தட்டினால் 'டங்' என்கிறது என்பதெல்லாம் உதவும்தான். ஆனால் நாலடிக் கட்டையில் நுனி வெடித்திருப்பது நுனி காய்ந்ததற்கு மட்டுமே சாட்சி.

இனி மரத்தை அடையாளம் காண்பது. இந்தக் கரையில் உங்களிடம் வருவதில் பெரும்பங்கு சீமைக்கருவைதான். குழப்பம் வருவது அதற்கும் நாட்டுக்கருவைக்கும். மரம் நிற்கும்போது சுலபம். சீமைக்கருவையின் பூ திரி போல நீளமாகத் தொங்கும். காய் மஞ்சளாக, சதைப்பற்றோடு, இனிப்பாக இருக்கும். அடியிலிருந்தே பல கிளைகளாகக் கோணிப் பிரியும். நாட்டுக்கருவையின் பூ மஞ்சள் உருண்டை. காய் விதைக்கு விதை இடுங்கி மணி கோத்ததுபோல் இருக்கும். முள் வெள்ளையாக, நேராக, ஜோடி ஜோடியாக நீண்டிருக்கும். கட்டையாக வந்துவிட்டால் பட்டையைப் பாருங்கள். நாட்டுக்கருவையின் பட்டை கறுத்து, நீளவாக்கில் ஆழமாகப் பிளந்து, சில இடத்தில் பிசின் வடிந்திருக்கும். சீமைக்கருவையின் பட்டை சாம்பல் கலந்த பழுப்பு, பிளவு அவ்வளவு ஆழமில்லை. அறுத்தால் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் வெளிறு (இளமரப் பகுதி), உள்ளே செம்பழுப்பு வைரம் (முற்றிய நடுமரம்).

எரிப்பதற்கு இரண்டுமே முதல்தரம். வித்தியாசம் சட்டத்தில்தான். பல கண்மாய்களில் நாட்டுக்கருவை சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டு வளர்த்தது. சீமைக்கருவை ஏலத்தோடு அதையும் சேர்த்து வெட்டி ஏற்றிவிட்டால் கேள்வி உங்களிடம்தான் வரும். கண்மாய் மரம் என்றால் ஏல ரசீதின் நகல் இல்லாமல் இறக்காதீர்கள்; ரசீதில் எந்த மரம் என்று எழுதியிருக்கிறது என்றும் படியுங்கள்.

குடை விரித்ததுபோல் தட்டையாகப் படரும் உடைமரமும் வரும். நீண்ட நேர் முள்ளும் குட்டையான வளைந்த முள்ளும் அதில் கலந்திருக்கும். நன்றாக எரியும், கங்கும் நிற்கும். பட்டை வெளுத்திருந்தால் வெள்வேல். அதுவும் நல்ல விறகு.

சவுக்கில் கலப்படம் செய்வது எளிது, ஏனென்றால் நேராக இருக்கும் எந்தக் கழியும் பார்வைக்குச் சவுக்குதான். குறுக்கே அறுத்துப் பாருங்கள். சவுக்கில் நடுவிலிருந்து பட்டையை நோக்கி, சக்கரத்தின் ஆரம் போல, கண்ணுக்கே தெரியும் கோடுகள் ஓடும். பட்டை நார் நாராக நீளவாக்கில் உரியும். கையில் எடுத்தால் பருமனுக்கு மீறிய கனம். அதே பருமனில் லேசாக, வெளிர் மஞ்சளாக இருந்தால் சவுண்டலாக இருக்கலாம். பட்டை வழுவழுவென்று, அறுத்த வாயில் தைல வாசனை அடித்தால் தைலமரம். இரண்டும் எரியும், சவுக்கு விலைக்கு வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

புளி வந்தால் விடாதீர்கள். சூடும் கங்கும் அபாரம். ஆனால் நார் பின்னிக்கொண்டிருப்பதால் காய்ந்த பிறகு பிளப்பது பெரும்பாடு, பச்சையிலேயே பிளந்துவிடுங்கள். வேம்பு எரியும், கசந்த வாசனைப் புகையால் பேக்கரிக்கு ஆகாது; தண்ணீர் காய்ச்ச, செங்கல் காளவாசலுக்கு விடலாம். பூவரசு வைரம் பாய்ந்திருந்தால் விறகாக்குவது வீண், மரமாகவே விலை போகும். வாகையை அறுக்கும்போது தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரும், முகக்கவசம் வேண்டும். முருங்கை, கல்யாண முருங்கை, இலவம் மூன்றும் பஞ்சுபோல எரிந்து தீரும், வண்டி வாடகைக்குக்கூட ஆகாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். வெட்டினாலும் வெளி வைரம் தவிர உள்ளே மெத்தென்ற சோறுதான். ஆனால் காய்ந்த பனைமட்டை, பன்னாடை, தென்னம்பாளை, கொட்டாங்கச்சி இவற்றைச் சிறு கட்டாகக் கட்டித் தீமூட்ட என்று விற்றால் டீக்கடைக்காரர்கள் தேடி வருவார்கள்.

வாடிக்குள் நுழையவே கூடாதவை மூன்று. முதலாவது அரளி. நாற்கரச் சாலை நடுவில் கவாத்து செய்த அரளிக் கிளைகளைச் சும்மாவே தருவார்கள். அதன் எல்லா பாகமும் நஞ்சு. அதன் தீயில் சமைக்கக் கூடாது, புகையையும் சுவாசிக்கக் கூடாது. இரண்டாவது தில்லை. காரங்காடு போன்ற அலையாத்திப் பகுதிகளில் வளர்வது. வெட்டினால் வெள்ளைப் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, புகையும் கண்ணை எரிக்கும். தில்லை மட்டுமில்லை, அலையாத்தி மரம் எதுவாக இருந்தாலும் வெட்டுவது குற்றம்.

மூன்றாவது, நீங்கள் கேட்ட வள்ளத்துப் பலகை. மலிவாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடம் கடல் நீரில் ஊறிய மரம், உப்பு உள்ளே ஏறியிருக்கும். எரியும்போது உப்பிலிருக்கும் குளோரின் அமில ஆவியாகி அடுப்பின் இரும்பையும் புகைபோக்கித் தகரத்தையும் தின்னும். டயாக்சின் என்ற கொடிய நச்சும் உண்டாகலாம். அடிப்பலகையில் பாசி, சிப்பி ஒட்டாமல் இருக்கப் பூசிய பெயின்டில் செம்பு போன்ற உலோகங்கள் இருக்கும். எரித்தாலும் அவை அழியாமல் புகையிலும் சாம்பலிலும் போய்ச் சேரும். பிரியாணி அண்டாவுக்கு அடியில் இது எரியலாமா? போதாததற்கு உள்ளே ஆணி. ஒரு ஆணி ரம்பத்தில் பட்டால் பல் தெறிக்கும். கரை ஒதுங்கும் மரத்துக்கும் இதே உப்புக் கதைதான். உப்பு ஏறிய மரத்தில் மீட்டரும் பொய் சொல்லும்: உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் ஈரத்தைக் கூட்டிக் காட்டும். பலகையில் நல்ல வைரம் இருந்தால் மரச்சாமான் செய்கிறவர்களுக்குக் கைமாற்றிவிடுங்கள்.

அடுக்குவதில் நீங்கள் செய்த தவறு இரண்டு. நாலடியாகவே விட்டது ஒன்று, இறுக்கி மூடியது மற்றொன்று. மரத்திலிருந்து தண்ணீர் பெரும்பாலும் வெட்டுவாய் வழியாகத்தான் வெளியேறும். பட்டை அதை விடாது. ஆகவே முதலில் விற்கும் நீளத்துக்கு அறுத்துவிட்டு, 10 சென்டிமீட்டருக்கு மேல் பருமன் உள்ளதைப் பிளந்துவிட்டு, அதன் பிறகு காயவையுங்கள். டீக்கடைக்கு ஒரு அடி, 5 சென்டிமீட்டர் பருமன். பேக்கரிக்கு இரண்டு அடி; நேரான கட்டையைத்தான் கேட்பார்கள், முடிந்தவரை சவுக்கு. பிரியாணி, கல்யாண சமையலுக்கு இரண்டடி, 8 முதல் 10 சென்டிமீட்டர். தம் போட கங்கு வேண்டும், அதற்குக் கருவையும் புளியும். ஏர்வாடி சந்தனக்கூடு, கீழக்கரை கல்யாணங்கள் போன்றவற்றுக்கு மொத்தமாகக் கேட்பவர்களுக்கு இந்த அளவில் தனி அட்டி (விறகு அடுக்கு) வைத்திருங்கள்.

தரையிலிருந்து அரை அடி உயரத்தில், ஹாலோ பிளாக் மேல் கழி போட்டு, ஒற்றைக் கட்டை அகலத்தில், ஐந்தடி உயரத்துக்குள் அட்டி போடுங்கள். நம் கரையில் கோடையில் தென்மேற்கிலிருந்து கச்சான், மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வாடை. இரண்டும் ஒரே கோட்டில் எதிரெதிராக வீசுவது உங்களுக்கு வசதி. அட்டியை வடமேற்கு–தென்கிழக்காக ஓட்டினால் வெட்டுவாய்கள் இரண்டு காற்றுக்கும் முகம் கொடுக்கும். அட்டிக்கு அட்டி மூன்றடியாவது இடைவெளி. காற்றுக்கும் வேண்டும், தீப்பிடித்தால் நுழையவும் வேண்டும். மேலே மட்டும் மூடுங்கள், பக்கம் திறந்தே இருக்கட்டும். நீங்கள் இறுக்கிக் கட்டிய தார்ப்பாய்க்குள் பகலில் கிளம்பிய ஆவி ராத்திரி குளிர்ந்து விறகின்மேலேயே சொட்டியிருக்கும். பிரித்துப் பார்த்தால் பூஞ்சை தெரியும்.

மாசி, பங்குனியில் அறுத்து அடுக்கினால் மெல்லிய கட்டை இரண்டு மாதத்தில், பிளந்த பெருங்கட்டை மூன்று நான்கு மாதத்தில் தயாராகும். தேதியை எண்ணாமல் மீட்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் விற்க வேண்டியது புரட்டாசிக்குள் காய்ந்து கூரைக்குள் போயிருக்க வேண்டும். மழையில் எதுவும் காயாது, காய்ந்ததும் கடல்காற்றில் ஈரம் இழுக்கும். அதே சமயம் வருடக்கணக்கில் சேர்த்தும் வைக்காதீர்கள். வெளிறுப் பகுதியை வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். ஒவ்வொரு அட்டியிலும் அடுக்கிய தேதியைச் சுண்ணாம்பால் எழுதி, பழையதை முதலில் தள்ளுங்கள்.

மெஷின் விஷயம். ஹைட்ராலிக் இப்போது வேண்டாம். உங்களுக்கு வரும் கருவையில் பெரும்பகுதி 5 முதல் 15 சென்டிமீட்டர் பருமன்; அதற்குத் தேவை குறுக்கே அறுப்பது. பிளக்க வேண்டிய சிறு பங்குக்குக் கோடாரியும் இரும்பு ஆப்பும் போதும். அந்தக் காசில் 500 கிலோ எடை மேடைத் தராசு, மீட்டர், 50 சிசி அளவில் ஒரு செயின் ரம்பம் வாங்குங்கள். கோணல் கட்டையை வட்ட ரம்ப மேஜையில் வைக்காதீர்கள்: பல் கவ்வியதும் கட்டை உருண்டு கையையும் இழுக்கும். கோணலை மரக்குதிரையில் (கட்டையைத் தாங்கும் மரத் தாங்கியில்) வைத்துச் செயின் ரம்பத்தால் அறுப்பதுதான் பத்திரம். பின்னால் வட்ட ரம்பம் போட்டால், கட்டையை V வடிவத் தொட்டிலில் வைத்துத் தொட்டிலோடு தள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மரம் அறுக்கும் இயந்திரத்துக்கு உரிமம் வேண்டுமா என்று ராமநாதபுரம் வன அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

செயின் ரம்பத்துக்கு நம் மண்ணில் பெரிய எதிரி மணல். கட்டையைத் தரையில் இழுத்தால் பட்டை இடுக்கில் மணல் ஏறும். இரண்டு கட்டையில் பல் மழுங்கும். துகள் துகளாக விழ வேண்டியது மாவாக விழுந்தால் பல் போய்விட்டது என்று அர்த்தம். அழுத்தி அறுக்காமல் நிறுத்தி அரம் போடுங்கள். .325 பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், 30 டிகிரி சாய்வு, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் பெரும்பாலும் லிட்டருக்கு 20 மில்லி. கூடவரும் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். செயினுக்கு இன்ஜினிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றாதீர்கள், அது விறகில் தெறித்துச் சமையல் அடுப்புக்குத்தான் போகும். தூர்க்கட்டை (மரத்தின் அடிவேர்ப் பகுதி) எடைக்கு லாபம் போலத் தெரியும். இடுக்கில் கல்லும் மண்ணும் இருக்கும், ரம்பத்துக்கு நஷ்டம். கரிமூட்டம் போடுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அறுக்க முடியாத கோணலும், மிலாறும் (சிறு சுள்ளிகளும்) அவர்களுக்கே.

முள்ளை அறுப்பதற்கு முன்பே அரிவாளால் சீவிவிடுங்கள். முள்ளுக்காகத் தடித்த கையுறை வேண்டும்; சுழலும் வட்ட ரம்பத்துக்கு அருகில் அதே கையுறை ஆபத்து, மாட்டிக்கொண்டால் கையோடு இழுக்கும். இரண்டு வேலையையும் வேறு வேறு நேரத்தில் வையுங்கள். ரப்பர் செருப்பைக் கருவை முள் சுலபமாகத் துளைக்கும், ஆட்களுக்கு ஷூ வாங்கிக் கொடுங்கள். முள் உள்ளே ஒடிந்தால் வீங்கிச் சீழ் வைக்கும், டெட்டனஸ் ஊசியும் பார்க்க வேண்டும்.

இப்போது கையிலிருக்கும் சரக்கு. பேக்கரியிலிருந்து திரும்பியதையும் சேர்த்து, இந்த வாரமே நாலடியை இரண்டடியாக அறுத்து, பருத்ததைப் பிளந்து, மேலே சொன்னபடி அடுக்குங்கள். நடுவிலிருந்து பத்துக் கட்டையில் எண் எழுதி எடை குறித்து வைத்து, வாரம் ஒருமுறை அதே பத்தையும் எடை போடுங்கள். எடை இறங்குவது மெதுவானதும் ஒன்றைப் பிளந்து மீட்டர் குத்துங்கள். மீட்டரில் 25க்குக் கீழே காட்டினால் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு பேக்கரிக்காரரிடம் போய், அவர் கண்முன்னே ஒன்றைப் பிளந்து மீட்டரைக் காட்டுங்கள். விலை கிலோ 5.50 இல்லை, கூலியெல்லாம் சேர்த்துப் புது விலை.